அப்டேட் கெடுத்தது பாதி, அவசரம் கெடுத்தது மீதி

போன வருஷம் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும். விண்டோஸ் அப்டேட் முடிந்து லேப்டாப் இரண்டு தடவை தானாக அணைந்து எழுந்தது. ஒரு வீடியோவைப் போட்டேன். படம் ஓடுகிறது, உதடு அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. வால்யூமை நூறுக்கு ஏற்றினேன். ஊஹூம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஆன்லைனில் ஒரு கூட்டம், நான்தான் பேச வேண்டும்.

அடுத்த இரண்டரை மணி நேரத்தில் நான் செய்த திருவிளையாடல்களைச் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். சவுண்ட் டிரைவரை, அதாவது சத்தக் கருவியை இயக்கும் மென்பொருளை, அன்இன்ஸ்டால் செய்தேன். பலனில்லை. யாரோ எப்போதோ எழுதிவைத்ததைப் பார்த்து, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரியை மாற்றினேன். எந்த வரி என்று இப்போது கேட்டால் தெரியாது. அன்றைக்கே கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பிறகு, எல்லா டிரைவர்களையும் ஒரே அழுத்தில் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஒரு இலவச மென்பொருள் கண்ணில் பட்டது. இறக்கி ஓடவிட்டேன். சொன்ன சொல் தவறாமல் எல்லாவற்றையும் புதுப்பித்தது, நன்றாக இருந்த வைஃபை டிரைவரையும் சேர்த்து. அதோடு வைஃபையும் போயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்கள். என் பூதத்தை நானே டவுன்லோடு செய்துகொண்டேன்.

காலையில் போனிலேயே கூட்டத்தை முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்தேன். திரையின் கீழ் ஓரத்தில் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அம்புக்குறியை அழுத்தினேன். சத்தம் எந்தக் கருவி வழியாகப் போகிறது என்ற பட்டியல் விரிந்தது. லேப்டாப் ஸ்பீக்கருக்குப் பதிலாக, எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்த மானிட்டருக்கு நேராக டிக் இருந்தது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. ஒரு அழுத்து, சத்தம் வந்துவிட்டது. வைஃபையை மீட்கத்தான் இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது.

கணக்குப் பாருங்கள். அப்டேட் மாற்றியது ஒரே ஒரு தேர்வை. மற்றதெல்லாம் என் கைங்கர்யம். அன்றிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு, பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: அப்டேட்டுக்குப் பிறகு கணினிகள் படும் பாட்டில் பெரும்பகுதி அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நாம் படுத்தும் பாடு.

பதறும்போது நாம் செய்யும் பெரிய தப்பு, ஒரே நேரத்தில் நாலு மருந்து கொடுப்பது. டிரைவரை மாற்றி, ஆன்ட்டிவைரஸை நிறுத்தி, கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகளைத் துடைத்து, ரீஸ்டார்ட் செய்தால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. சரியாகவில்லை என்றால் இன்னும் மோசம். பழைய கோளாறு எது, நாம் உண்டாக்கிய புதுக் கோளாறு எது என்று பிரிக்கவே முடியாது. ஒன்றை மாற்று, பார், பலனில்லை என்றால் அதைப் பழையபடி வை, அப்புறம் அடுத்தது. பக்கத்தில் ஒரு தாள், பேனா. பிழைச் செய்தி வந்தால் உடனே போனில் ஒரு படம். இதைச் சொன்னால் 'இதெல்லாம் ஒரு டெக்னிக்கா' என்று பார்ப்பார்கள். இதுதான் டெக்னிக்.

இன்னொன்று, அப்டேட்டுக்குப் பிறகு வந்த கோளாறு எல்லாம் அப்டேட்டால் வந்தது ஆகாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் உண்டு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கும். உலகம் முழுக்க நீலத்திரை, விமானங்கள் நின்றன, வங்கிகள் திணறின. 'விண்டோஸ் அப்டேட் சொதப்பிடுச்சு' என்றுதான் அன்றைக்கு என் டைம்லைன் முழுக்க. உண்மையில் அது கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு சிறு கோப்பு. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. அவற்றை எழுப்ப வழி என்ன தெரியுமா? அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை அழிப்பது. ஃபார்மட் செய்யவே தேவையில்லை. எதனால் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் அவ்வளவு சின்னது.

சரி, நம் வீட்டுக் கணினியில் எதனால் என்று எப்படித் தெரிந்துகொள்வது? விண்டோஸில் இதற்கென்றே ஒரு அருமையான பக்கம் இருக்கிறது, பத்துப் பேரிடம் கேட்டால் ஒருவர்கூடத் திறந்து பார்த்திருக்க மாட்டார். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும். நாள்வாரியாகக் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம். எந்த நாளில் எந்த மென்பொருள் விழுந்தது என்றால் சிவப்பு வட்டத்தில் பெருக்கல் குறி. அதே நாளில் எந்த அப்டேட் ஏறியது, எந்த டிரைவர் மாறியது என்றால் நீல வட்டக் குறி. நண்பர் ஒருவர், அப்டேட் வந்த நாளிலிருந்து கணினி தொங்குகிறது என்று என்னிடம் ஒரு வாரமாகப் புலம்பினார். திறந்து பார்த்தால் சிவப்புக் குறிகள் அப்டேட்டுக்கு ஒன்பது நாள் முன்பே ஆரம்பித்திருந்தன. சரியாக, அவர் ஒரு வீடியோ எடிட்டிங் மென்பொருளை நிறுவிய நாளிலிருந்து. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அப்டேட்டைத் திட்டிய ஒரு வாரமும் வீண்.

அடுத்து ரீஸ்டார்ட். 'ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகல' என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஷட்டவுன் முழு ஷட்டவுன் அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு: அணைக்கும்போது இயங்குதளத்தின் கருவை அப்படியே வட்டில் எழுதிவைத்து, மறுபடி போடும்போது அதையே எடுத்துக்கொள்ளும். நேற்றைய குழப்பமும் பத்திரமாகத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். சந்தேகமிருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைத் தொட்டு 'அப் டைம்' என்ற இடத்தைப் பாருங்கள். தினமும் அணைத்துப் போடும் கணினியில்கூடப் பதினைந்து நாள், இருபது நாள் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

அப்டேட் ஆன அன்றைக்கே 'ரொம்ப ஸ்லோ' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். கோப்புத் தேடலுக்கான அட்டவணையை மறுபடி கட்டுவது, பழைய கோப்புகளைக் களைவது என்று பின்னணியில் வேலை நடக்கும். மேக்கிலும் இதே கதைதான், அதன் தேடல் வசதியான ஸ்பாட்லைட் அட்டவணை போட்டு முடிக்கும்வரை சூடாகும். செருகிவைத்து ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

சத்தம், வைஃபை, பிரிண்டர், புளூடூத் என்று ஒரே ஒரு உறுப்பு மட்டும் போனால் முதலில் அமைப்பு மாறியிருக்கிறதா என்று பாருங்கள் (என் மானிட்டர் கதை). இல்லையென்றால் டிரைவர். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. பழைய டிரைவர் கையிருப்பில் இருந்தால்தான் அது உயிரோடு இருக்கும், இல்லையேல் மங்கிக் கிடக்கும். மங்கியிருந்தால் லேப்டாப் தயாரித்தவர்களின் தளத்துக்குப் போய் உங்கள் மாடலுக்கு உரியதை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகப் புதுப்பிக்கும் அந்த வகை மென்பொருள் பக்கம் மட்டும் போகாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

கணினி எழவே இல்லையா? அப்போதும் ஃபார்மட் கடைசி வழிதான். இரண்டு மூன்று முறை தொடர்ந்து எழ முடியாமல் போனால் விண்டோஸ் தானே பழுதுபார்க்கும் திரைக்குப் போகும். அங்கே அட்வான்ஸ்டு பகுதியில் கடைசியாக ஏறிய அப்டேட்டை மட்டும் கழற்றும் வசதி இருக்கிறது. பெரிய பதிப்பு மாற்றம் என்றால் பழைய பதிப்பு 10 நாள் வரை 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறையில் காத்திருக்கும், திரும்பிப் போகலாம். இடம் அடைக்கிறதே என்று முதல் நாளே அதைத் துடைத்துவிட்டு, நாலாம் நாள் திரும்பிப் போக வழி கேட்பவர்கள் இருக்கிறார்கள். லினக்ஸ்காரர்களுக்குக் கவலை குறைவு, பழைய கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பெரும்பாலும் கணினி எழும்போது வரும் பூட் மெனுவிலேயே இருக்கும்.

எனக்கு நிஜமாகவே பயம் தந்தது சித்தியின் போன்தான்.

"தம்பி, யாரோ என் கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்கடா. நீலக் கலர்ல இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது. பணம் கேப்பானோ?"

"சித்தி, எதையும் அமுக்காதீங்க. அப்படியே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

படம் வந்தது. திருடன் யாருமில்லை. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர், 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்டுக்கொண்டிருந்தது. அப்டேட்டோடு, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸும் மாறியிருந்தது, ஆள் மாறிவிட்டதோ என்று பூட்டுக்குச் சந்தேகம். அதன் வேலையை அது சரியாகத்தான் செய்தது. சாவி எங்கே என்பதுதான் கேள்வி. முதல் முதலில் அந்தக் கணினியில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் பெரும்பாலும் அது சேமிக்கப்பட்டிருக்கும்.

"எந்த மெயில் ஐடி போட்டு ஆரம்பிச்சீங்க?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம். தம்பிதான் போட்டுக் கொடுத்தான்."

அந்தத் தம்பி, அதாவது அவர் மகன், கல்லூரி நாளில் வைத்திருந்த ஒரு மெயில் ஐடி. பாஸ்வேர்டு மறந்து, அதை மீட்டு, உள்ளே போய், கீயைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலை. நான் ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தொகுதியாகப் படிக்கப் படிக்க, சித்தி ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐந்தாவது தொகுதியில் ஒரு எண் தவறி மறுபடி ஆரம்பம். பதினைந்து வருஷப் படங்கள் உள்ளே இருந்தன. வேறு நகல் கிடையாது. கீ கிடைக்காமல் போயிருந்தால் எந்தக் கொம்பனாலும் அவற்றை எடுத்திருக்க முடியாது. இதைப் படிப்பவர்கள் இன்றைக்கே தங்கள் கீ எங்கே இருக்கிறது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். அந்தக் கணினியிலேயே நோட்பேடில் எழுதிவைக்காதீர்கள், தயவுசெய்து.

எல்லாப் பழியையும் நம் தலையிலேயே போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. 2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10 அப்டேட் சிலருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புகளையே அழித்தது. நாலு நாளில் நிறுத்திவைத்து, நவம்பர் 13-இல்தான் மறுபடி விட்டார்கள். 2024 ஜனவரியில் ஒரு அப்டேட் 80070643 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி ஏறவே மறுத்தது. காரணம், மீட்புக்கென்று ஒதுக்கிய பகுதியில் 250 எம்பி காலியிடம் இல்லை. பயனர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. ஆனால் வட்டுப் பகுதிகளைக் கட்டளை வரியில் நீங்களே சுருக்கி விரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இதை என் சித்தியிடம் சொல்ல முடியுமா? அன்றாட வேலைக்கு இடைஞ்சல் இல்லாத அந்த மாதிரிப் பிழையைச் சரிசெய்யப் போய் மொத்த வட்டையும் பறிகொடுப்பதைவிட, கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது உத்தமம் என்பேன்.

அதற்காக அப்டேட்டையே மொத்தமாக நிறுத்திவைக்கும் ஆட்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது அது. 2017 மே 12-இல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை பரவி மருத்துவமனைகள் முதல் தொழிற்சாலைகள் வரை முடங்கியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வெளிவந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். நான் செய்வது நடுவழி. மைக்ரோசாஃப்ட் மாதாந்தர அப்டேட்டை இரண்டாம் செவ்வாயன்று விடும். பாதுகாப்பு அப்டேட் என்றால் நாலைந்து நாள் மட்டும் தள்ளிவைத்து, ஊரில் கூக்குரல் எழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவேன். பெரிய பதிப்பு மாற்றம் என்றால் இரண்டு மூன்று மாதம்கூடப் பொறுப்பேன். எப்படியானாலும் வெளி வட்டில் ஒரு நகல் எடுக்காமல் தொடமாட்டேன். காலைக் கூட்டத்துக்கு முந்தின ராத்திரி தொடவே மாட்டேன்.

சித்தி போன மாதம் மறுபடி கூப்பிட்டார். குரலில் ஒரு பெருமை.

"மறுபடி நீலத்திரை வந்துடுச்சுடா. ஆனா நான் பதறல. எதையும் அமுக்கல. போட்டோ எடுத்து அனுப்பிட்டேன், கீ எழுதின நோட்டும் கையில வச்சிருக்கேன்."

படத்தைத் திறந்தேன். நடுவில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அப்டேட் ஏறிக்கொண்டிருக்கிறது, 30 சதவீதம், கணினியை அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது.

"நோட்டை உள்ள வைங்க சித்தி. அது பாட்டுக்கு ஓடட்டும், நீங்க போய்ப் படுங்க."