ஒப்பந்தம் ஒப்பந்தத்தைப் பிறப்பித்தால், அதை ஊரறியச் சொல்ல வேண்டும்

பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரல்தான் ஸ்மார்ட் ஒப்பந்தம். இன்னொரு ஒப்பந்தத்தை உருவாக்கும் எந்த ஸ்மார்ட் ஒப்பந்தமும், அதே கணத்தில் புதிய முகவரியை ஈவென்டாக, அதாவது எவரும் படிக்கக்கூடிய பதிவாக, வெளியிட வேண்டும். இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். விரும்பினால் செய்யலாம் என்று விட்டுவிடும் விஷயமல்ல இது.

எத்தீரியம் என்ற பிளாக்செயினில் ஒருவர் தன் கணக்கிலிருந்து நேரடியாக ஒப்பந்தத்தை நிறுவினால், பரிவர்த்தனை ரசீதிலேயே அதன் முகவரி இருக்கும். பிற ஒப்பந்தங்களைப் பிறப்பிக்கும் ஃபேக்டரி ஒப்பந்தம் அதை உள்ளுக்குள் உருவாக்கினால் ரசீதில் அந்த இடம் காலியாகவே கிடக்கும். ஈவென்டும் இல்லையென்றால் பரிவர்த்தனையை மறுபடி இயக்கி, உள்ளே நடந்ததைப் படிப்படியாகக் காட்டும் ட்ரேஸ் எடுக்க வேண்டும். பழைய பிளாக் என்றால், பழைய நிலைகளை எல்லாம் சேமித்து வைக்கும் கணினியான ஆர்க்கைவ் நோட் தேவை. அதை நடத்தும் வசதி எத்தனை பேருக்கு இருக்கிறது?

டோக்கன்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப்பின், 2020 மே மாதம் வந்த இரண்டாம் பதிப்பு இதை ஒழுங்காகச் செய்தது. ஒவ்வொரு டோக்கன் ஜோடிக்கான ஒப்பந்தம் பிறக்கும்போதும் இரண்டு டோக்கன்கள், ஜோடியின் முகவரி, ஜோடிகளின் மொத்த எண்ணிக்கை நான்கும் ஈவென்டில் வந்துவிடும். யார் வேண்டுமானாலும் பட்டியல் எடுக்கலாம்.

செலவைக் காரணம் காட்டுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். உருவாக்கும் கட்டளைக்கு மட்டுமே 32,000 கேஸ் (கட்டணத்தைக் கணக்கிடும் அலகு). முகவரியை மட்டும் தாங்கிய எளிய ஈவென்டுக்கு ஏறக்குறைய 1,125.

'கிரியேட்2 என்ற உருவாக்கும் கட்டளை இருக்கிறதே, முகவரியை முன்கூட்டியே கணக்கிடலாமே' என்பார்கள். அதற்கு சால்ட்டும் (உருவாக்குபவர் தேர்ந்தெடுக்கும் ஒரு எண்) தொடக்க பைட்கோடும் (ஒப்பந்தத்தை நிறுவும் நிரல்) கையில் இருக்க வேண்டும். அதோடு, முகவரி தெரிந்தால் போதாது என்பதை 2023 மே மாதம் டொர்னாடோ கேஷ் (கிரிப்டோ பரிமாற்றத் தடத்தை மறைக்கும் சேவை) மீது நடந்த தாக்குதல் காட்டிவிட்டது. தாக்கியவர் கிரியேட்2 மூலம் ஒரு ஃபேக்டரியை நிறுவி, அதிலிருந்து சாதாரண கிரியேட் மூலம், அந்தச் சேவையின் நிர்வாக வாக்கெடுப்புக்கான தீர்மான ஒப்பந்தத்தை உருவாக்கினார். வாக்கெடுப்பில் அது நிறைவேறியதும் இரண்டையும் அழித்தார். ஃபேக்டரி அதே முகவரியில் மீண்டும் எழுந்தது, அதன் நான்ஸ் (உருவாக்கங்களை எண்ணும் எண்) 1-க்குத் திரும்பியது. சாதாரண கிரியேட் தரும் முகவரி, உருவாக்கியவரின் முகவரியையும் நான்ஸையும் மட்டுமே பொறுத்தது. ஆகவே அது பெற்ற பிள்ளையும் பழைய முகவரியிலேயே, வேறு நிரலுடன் வந்து நின்றது. அந்த நிரல் அவருக்கு 12 லட்சம் வாக்குகளை அள்ளிக் கொடுத்தது.

2024 மார்ச் மாத டென்கன் மேம்படுத்தல் எத்தீரியத்தில் இந்த வழியை அடைத்துவிட்டது. உண்மைதான். தாக்குபவர் தானாக ஈவென்ட் வெளியிடமாட்டார் என்பதும் உண்மை. ஆனால் நேர்மையான ஃபேக்டரிகள் எல்லாம் வெளியிட்டால்தான் வெளியிடாதது கண்ணில் உறுத்தும். தணிக்கையாளர்கள் ஈவென்ட் இல்லாத ஃபேக்டரியைக் குறைபாடாகவே எழுதட்டும். வாக்கெடுப்புத் தளங்கள், தீர்மானத்தின் முகவரிக்குப் பக்கத்திலேயே அதை உருவாக்கிய ஒப்பந்தத்தையும், அதை உருவாக்கியவரையும் காட்டட்டும்.