பிரபல… என்ன?

நடுவழியில் பஸ் நின்றது ஒரு மணி இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மடியில் இருந்த இட்லி மாவுப் பாக்கெட்டைப் பார்த்துச் சொல்கிறேன். பஸ் நின்றபோது அது தட்டையாக, சாதுவாக இருந்தது. பஸ் நகர்ந்தபோது என்ன ஆகியிருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

துணிக்கடைத் திறப்பு விழா. ரிப்பன் வெட்ட யாரோ பிரபலம் வருகிறாராம். அதற்கு மேல் நான் விளக்க வேண்டுமா என்ன?

முன் சீட்டில் இருந்த கல்லூரிப் பையனிடம் கேட்டேன். "யார் தம்பி வருவது?" ஒரு பெயரைச் சொன்னான்.

"பாடுவாரா?"

"இல்லை சார்."

"நடிப்பாரா?"

"இனிமேல்தான்."

"வேறு என்னதான் செய்வார்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "அவர் பிரபலம் சார்."

எனக்குத் தெரிந்து 'பிரபல' என்ற சொல் தனியாக வீட்டை விட்டு வெளியே வராது. பின்னால் ஒரு தொழில் துணைக்கு வரும். பிரபல பாடகர், பிரபல வக்கீல், பிரபல எலும்பு முறிவு மருத்துவர். பிரபல கொள்ளைக்காரன்கூட இரவெல்லாம் கண் விழித்து ஏதோ வேலை பார்த்தவன்தான். இப்போது தொழில் உதிர்ந்துவிட்டது, அடைமொழி மட்டும் காரில் வருகிறது.

முதல் கார் வந்தது. செண்டை மேளம் அதிர்ந்தது. இறங்கியவர் மேனேஜர். மேளம் அடங்கியது. பாக்கெட்டின் ஒரு மூலை மெல்ல எழுந்தது. இரண்டாவது கார் வந்தது. மறுபடி மேளம். கறுப்புச் சட்டை போட்ட நாலு தடியர்கள் இறங்கி, தள்ளுவதற்கு ஆள் போதாமல் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டார்கள். மூன்றாவது கார் பாவம், வழி தவறி வந்த யாரோ ஒரு குடும்பம். அதற்கும் மேளம் அடித்தார்கள். உள்ளே இருந்த கிழவி கண்ணாடியை இறக்கிக் கும்பிட்டார்.

பக்கத்து சீட்டுப் பெரியவர், பாடி நடித்த தியாகராஜ பாகவதர் காலத்துக்குப் போய்விட்டார். 1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதாம். சரி ஐயா, அந்தக் குரலுக்கு ஓடியது. 1935இல் 'பக்த நந்தனா'ருக்குக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் வாங்கினார் என்றால், கடைசி வரிசைக்கும் கேட்கும் தொண்டைக்கு வாங்கினார். 1967இல் எம்.ஜி.ஆர். குண்டடி பட்டு, கழுத்துக் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியாகி, மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார். அவருக்காவது இரண்டு வேலை இருந்தது.

இந்தப் பைத்தியம் நம் ஊர்ச் சரக்கு மட்டுமல்ல. 1840களில் பியானோ வாசித்த ஃபிரான்ஸ் லிஸ்ட் என்பவர் பிடித்துப் போட்ட சுருட்டுத் துண்டுக்கு ஐரோப்பாவில் அடிதடி. கவிஞர் ஹைனே அந்த வெறிக்கு ஒரு பெயரே வைத்தார். 1910இல் அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் லாரன்ஸ் என்ற நடிகை செத்துவிட்டதாகப் புரளி கிளம்பியது. பொய், பொய் என்று விளம்பரம் கொடுத்தார் அவரை வைத்துப் படம் எடுத்த கார்ல் லெம்லே. புரளியைக் கிளப்பியதே அவர்தான் என்பார்கள். அதுவரை பல கம்பெனிகள் நடிகர்களின் பெயரைக்கூட வெளியிடுவதில்லை. பெயர் தெரிந்தால் கூலி கூட்டிக் கேட்பார்களாம். எவ்வளவு தொலைநோக்கு! அந்த முதலாளிகளுக்குச் சிலை வைக்கலாம்.

இதற்குள் பாக்கெட் பூரி போல உப்பிவிட்டது. ரப்பர் பேண்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. சித்திரை வெயில், நிற்கிற பஸ், நேற்று இரவே அரைத்த மாவு. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் முறையாகத் தன் வேலையைச் செய்த ஒரே ஜீவன் அதுதான்.

நான்காவது கார். மேல் கதவு திறந்து ஒரு கறுப்புக் கண்ணாடி எழுந்தது. அதன் கீழே ஒரு பையன். கை அசைத்தான். மக்களைப் பார்த்து அல்ல. தன் கையிலேயே நீட்டிப் பிடித்திருந்த போனைப் பார்த்து. பஸ்ஸே வலது பக்கம் சாய்ந்தது. டிரைவர் எழுந்தார். பாகவதர் பக்தரும் எழுந்தார்.

மறைப்பானேன், நானும் எழுந்தேன். எக்கி எட்டிப் பார்த்தேன். மடியில் ஒரு பொருள் இருக்கும்போது மனிதன் எழுந்தால் என்ன ஆகும் என்பது அந்த நொடியில் நினைவில் இல்லை. 'டப்' என்று ஒரு சத்தம். வேட்டி, செருப்பு, பெரியவரின் மஞ்சள் பை, எல்லா இடத்திலும் மாவு. பெரியவர் கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார், "நல்ல மாவு, இட்லி பஞ்சு மாதிரி வந்திருக்கும்" என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அடக்க முடியவில்லை.

அந்த ஆள் பெயர் இப்போது சத்தியமாக நினைவில்லை. நினைவில் இருப்பது வேறொன்று. பதின்மூன்று ரூபாய் டிக்கெட்டுக்கு இருபது ரூபாய் கொடுத்தேன். மீதி ஏழு ரூபாயை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிய கண்டக்டர், திரும்பி ஏறியதும் என் பக்கம் பார்க்கவே இல்லை. ஏழு ரூபாய் ஐயா! வேட்டியை உதறிக்கொண்டு நான் இறங்கும்போதும் டிக்கெட்டை நீட்டினேன். "சில்லறை இல்லை" என்று விசில் அடித்துவிட்டார்.