மிராவுக் ஊ யாருடைய ஊர்?

மியான்மர் கோயில்கள் என்றால் நம்மில் பலருக்கும் பகான்தான் ஞாபகம் வரும். ரக்கைன் மாநிலத்தில் இருக்கும் மிராவுக் ஊவைச் சொன்னால் "அது எங்கே?" என்பார்கள். ரக்கைனின் பழைய பெயர் அரக்கான். 350 ஆண்டுகளுக்கு மேல் அந்த அரக்கான் அரசின் தலைநகரம் அது. 2016 பிப்ரவரியில் சிட்வேயிலிருந்து படகேறி அங்கே போனேன். விடியற்காலைப் பனி, அடுப்புப் புகை, இரண்டும் சேர்ந்த மங்கலில் கருத்த கோபுரங்கள். இடுப்பில் அலுமினியக் குடத்தோடு பெண்கள் கோயிலடியில் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது 1571-இல் கட்டிய துக்கந்தெய்ன் கோயில். வெளியே பார்த்தால் கோட்டை. உள்ளே நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் கல் நடை, சுவர் நெடுக மாடங்கள், மாடத்துக்கொரு புத்தர். பக்கத்தில் தாமரை ஏந்திய பெண்கள். ஒருத்தி கொண்டை போல இன்னொருத்திக்கு இல்லை. மொத்தம் 64 விதம் என்கிறார்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கி, எண்ணிக்கையை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இந்தக் கற்களைக் காட்டித்தான் இன்று "இது பௌத்தர் மண், முஸ்லிம்கள் வெள்ளைக்காரனோடு வந்தவர்கள்" என்று பேசுகிறார்கள். எனக்கு மனம் கொதிக்கிறது. இந்த நகரத்தை 1430-இல் நிறுவிய மின் சா மொன், நாட்டை இழந்து வங்காளத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர். வங்காள சுல்தானின் படை உதவியோடுதான் அரியணைக்குத் திரும்பினார். பின்னால் வந்த பௌத்த மன்னர்கள் பலர் முஸ்லிம் பட்டப்பெயர்களும் வைத்துக்கொண்டார்கள், நாணயத்தில் பாரசீக எழுத்தைப் பொறித்தார்கள். 1535-இல் ஷித்தாங் கோயிலைக் கட்டிய மின் பினும் அந்த வரிசைதான். அந்தக் கோயில் வாசலில் நிற்கும் பழைய தூணில் இருப்பது 8-ஆம் நூற்றாண்டுச் சமஸ்கிருதக் கல்வெட்டு! 1799-இல், ஆங்கிலேயர் அரக்கானைப் பிடிப்பதற்கு கால் நூற்றாண்டுக்கு முன்பே, அங்கே நெடுங்காலமாக வாழும் முஸ்லிம்கள் தங்களை 'ரூயிங்கா' (இன்றைய ரோஹிங்கியா) என்று சொல்லிக்கொள்வதை புக்கானன் என்ற மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார்.

அதற்காக, எல்லாரும் கைகோத்து வாழ்ந்த பொற்காலம் என்று எதிர்ப்பக்கத்தில் சிலர் எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன். போர்த்துகீசியக் கொள்ளையரோடு சேர்ந்து வங்காளக் கரையில் ஆள்பிடித்த அரசு இது. பிடிபட்டவர்களின் உள்ளங்கையில் துளையிட்டு, மெல்லிய பிரம்பைக் கோத்து, படகின் அடித்தட்டில் அடைத்தார்கள் என்கிறது முகலாயர் காலப் பாரசீகக் குறிப்பு. டச்சுக்காரர்கள் அரிசியோடு ஆட்களையும் இங்கே விலைக்கு வாங்கினார்கள். வங்கக் கவிஞர் ஆலாவல் இந்த அரசவையின் பெருமை. அவரே கொள்ளையர் தாக்கிய படகில் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்தான். முதலில் குதிரைப்படைச் சேவகம், அப்புறம்தான் கவிதை.

கடைசியில் 1784-85-இல் பர்மிய மன்னர் போதவ்பயாவின் படை வந்து, அரக்கானியர் உயிராய் மதித்த மகாமுனி சிலையையே பெயர்த்துக்கொண்டு போனது. இன்றும் அது மண்டலேயில்தான் இருக்கிறது. அந்த இழப்பின் வலி அங்குள்ளவர்கள் பேச்சில் இன்னும் ஆறவில்லை. அதே மக்களின் பக்கத்து ஊர்களிலிருந்து 2017-இல் ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் துரத்தப்பட்டார்கள்.

2024 பிப்ரவரியில் மியான்மர் ராணுவத்தோடு சண்டையிடும் ரக்கைன் ஆயுதக் குழுவான அரக்கான் ஆர்மி மிராவுக் ஊவைப் பிடித்தது. சண்டை ஓய்ந்து, அந்தக் கோயில் வாசல்களில் புதிதாகப் பலகை எழுதும் நாள் வந்தால், மன்னர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஆலாவல் பெயரையும் எழுதட்டும். கை துளைக்கப்பட்டுப் படகில் வந்தவர்களைப் பற்றியும் ஒரு வரி எழுதட்டும்.