எந்த மாதம் என்று எழுதினீர்களா?

வருங்கால ஆசைகளையும் யோசனைகளையும் போனில் ஒரே பட்டியலாகப் போட்டு, வாரா வாரம் வாசிக்கச் சொல்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. போட்டு வைக்கலாம், சரி. ஆனால் எங்கள் நெல்லைப் பக்கம் பாதி ஆசைகள் பருவத்தோடு ஒட்டியவை. குற்றாலச் சாரல் என்றால் ஜூன், ஜூலை. நெல்லையப்பர் தேர் ஆனியில். கூந்தன்குளத்தில் பறவைகள் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஜனவரிக்கு மேல் போக வேண்டும். "ஒருநாள் போகணும்" என்று மொட்டையாக எழுதினால் சீசன் முடிந்த பிறகுதான் கண்ணில் படும்.

நான் மளிகைக் கடையில் ஓசியில் தரும் மாதக் காலண்டரில், அந்தந்தத் தாளின் பின்பக்கம் எழுதிவிடுவேன். தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயர் போட்ட பத்தமடைப் பாய் கொடுக்க ஆசை. கல்யாணம் தையில்தான், ஆனால் எழுதியிருப்பது அக்டோபர் தாளில். கோரையைச் சன்னமாகக் கிழித்து நெய்ய நாளாகும். வருஷக் கடைசியில் மிச்சத்தைப் புதுக் காலண்டருக்கு மாற்றும்போது கை வலிக்கும் பாருங்கள், அப்போது தெரிந்துவிடும் எது நம் ஆசை, எது பக்கத்து வீட்டுக்காரர் ஆசை என்று.

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையோடு நடந்தவர்கள் யாராவது இருந்தால், எந்த மாதம் தோது என்று சொல்லுங்கள். அது மட்டும் தாள் கிடைக்காமல் நிற்கிறது.