அட்டையின் பின்னால் எழுதிய எண்: உண்மை விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் குடும்பங்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. வங்கி அட்டையின் ஆறு இலக்க இரகசிய எண்ணில் ஒவ்வோர் இலக்கத்தோடும் மூன்றைக் கூட்டி அட்டையின் பின்புறம் எழுதி வைத்தால், இராணுவ முறை என்பதால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறது அது. இது தவறு.

482915 என்பது இம்முறையில் 715248 ஆகும் (கூட்டுத்தொகை பத்தைத் தாண்டினால் கடைசி இலக்கத்தை மட்டும் எழுத வேண்டும்: 8 என்பது 11 ஆகி 1 ஆகிறது). மூன்று எழுத்து தள்ளி எழுதும் இவ்வழக்கம் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் கையாண்டதே. அவ்வளவில் 'இராணுவம்' என்பது பொய்யில்லை, பழையது, அவ்வளவுதான். பத்து இலக்கங்களுக்குள் நகர்த்தக்கூடிய வழிகள் ஒன்பது மட்டுமே என்பதால், அட்டையைக் கண்டெடுத்தவர் ஒன்பது எண்களையும் ஒரு துண்டுத்தாளில் ஒரு நிமிடத்தில் எழுதிவிடலாம். அந்தச் செய்தியைப் படித்தவருக்கோ முதல் முயற்சியே போதும். பூட்டோடு சாவியையும் ஊருக்கே அனுப்பியாயிற்று.

முறை எதிரிக்குத் தெரிந்தாலும் சாவி, அதாவது எத்தனை தள்ளுவது என்பது போன்ற இரகசிய மதிப்பு, மட்டும் இரகசியமாக இருந்தால் மறைக்குறியீடு பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று மறைக்குறியீட்டு அறிஞர் ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-இலேயே எழுதினார். 2001-இல் அமெரிக்கா தரமாக அறிவித்த ஏ.இ.எஸ். (AES) என்ற கணினி மறைக்குறியீட்டு முறையின் செயல்பாடு முழுவதும் வெளிப்படையானது. ஆனால் அதன் மிகச் சிறிய சாவிக்கே இருக்கக்கூடிய வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது.

ஏற்கெனவே எழுதி வைத்தவர்கள் அதை அழித்தால் மட்டும் போதாது. இரகசிய எண்ணையே மாற்றிவிட வேண்டும்.