கண்ணாடி

போன வாரம் பெங்களூர் பசவனகுடியில் ஒரு பழைய வீட்டில் விளம்பரப் பட ஷூட்டிங். கூடத்தில் வெயில் ஒரே கற்றையாக விழவேண்டும், ஆனால் பெரிய லைட்டுக்கு வாடகை கொடுக்கப் பட்ஜெட் இல்லை. லைட்மேன் அண்ணன், கோலார் தங்கவயல் தமிழர், ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். கீழே இருந்து நான் "அண்ணா, லேசா சாய்ங்க, அய்யோ அவ்வளவு வேணாம்" என்று கத்திக்கொண்டே இருந்தேன். சூரியன் 4 நிமிஷத்துக்கு 1 டிகிரி நகரும். 30 அடி தள்ளி விழுகிற வெளிச்சம் அதற்குள் அரையடி விலகிவிடும். மத்தியானம் முழுக்க மனுஷன் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

சாப்பிடும்போது இயக்குநர் பையன், "அப்படியே 'காகஸ் கே பூல்' மாதிரி வந்திருக்கு, குருதத் குருதத்துதான்" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

குருதத் இயக்கிய அந்த இந்திப் படத்தில் ஒளிப்பதிவு வி.கே. மூர்த்தி. மைசூர்க்காரர். இதே பெங்களூரில், கே.ஆர். சர்க்கிள் பக்கம் நாம் தினமும் பஸ்ஸில் தாண்டிப்போகிற எஸ்.ஜே. பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்துவிட்டு பம்பாய் போனவர். குருதத்தின் 'பாஸி'யில் (1951) உதவி கேமராமேனாக இருந்தபோது சிக்கலான ஷாட் ஒன்றை எடுத்துக் காட்டினார். அடுத்த படத்திலிருந்து குருதத்துக்கு அவர்தான் கேமராமேன். 1959-ல் வந்த 'காகஸ் கே பூல்'தான் இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம். அதில் ஒரு பாட்டில் கற்றையாக விழும் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்தது எப்படி? வெளியே வெயிலில் ஒரு பெரிய கண்ணாடி, ஸ்டுடியோவுக்குள் உயரத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். படம் ஓடவில்லை. ஒளிப்பதிவுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது.

இயக்குநரை மட்டம் தட்டவில்லை, இப்படி வேண்டும் என்று கேட்கவும் ஒரு ஆள் வேண்டும். ஆனால் நாம் சட்டகத்தை ரசித்துவிட்டுப் பாராட்டை மட்டும் வேறு வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருகிறோம். இந்திய சினிமாவின் உயரிய விருதான பால்கே விருதை 1969-லிருந்து கொடுக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் என்ற முறையில் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 2008-க்கான விருதுதான், மூர்த்திக்கு. கையில் வாங்கும்போது அவருக்கு வயது 86! 2014-ல் இதே ஊரில்தான் காலமானார். எங்கள் செட்டில் இருந்த கன்னடப் பசங்களுக்கே அந்தப் பெயர் தெரியவில்லை, அப்புறம் மற்றவர்களை என்ன சொல்ல.

பேக்கப் ஆனபிறகு லைட்மேன் அண்ணனிடம் போனில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். கதாநாயகியை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. திரும்பப் போடச் சொல்லி இரண்டாவது தடவையும் பார்த்தார்.

"கண்ணாடி துளி ஆடல பாருங்க தம்பி" என்றார்.