ஒரே ஆல்பம், எட்டுத் துண்டு

சினிமாப் பாட்டு சிடியை ரிப் பண்ணினால் (கணினியில் எம்பி3 கோப்பாக எடுத்தால்), பிளேயரில் ஒரே ஆல்பம் எட்டாகச் சிதறும். பாட்டுக்குப் பாட்டு பாடகர் மாறுகிறார், கோப்புக்குள் இருக்கும் விவரக் குறிப்பில், அதாவது டேக்கில், 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம் காலி. அது வேறென்ன செய்யும்? டேக்கைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் கண்ட்ரோல்-ஏ போட்டு எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை அடித்து, கண்ட்ரோல்-எஸ். முடிந்தது.

முடியாதது தமிழ் எழுத்துதான். கார் ஸ்டீரியோவில் தலைப்பெல்லாம் கேள்விக்குறி! பெரும்பாலும் ஐடி3வி1 என்ற பழைய வகை டேக்தான் காரணம்: லத்தீன் எழுத்துக்கென்று செய்தது, தலைப்புக்கு 30 பைட்தான். அதைத் தூக்கிவிட்டு ஐடி3வி2.3 வகை டேக், தமிழும் அடங்கும் யூடிஎஃப்-16 எழுத்துக் குறியீடு என்று மாற்றிச் சேமிக்கணும். வி2.4 வேண்டாம், பழைய ஸ்டீரியோ பலவற்றுக்கு அது புரியாது. இத்தனைக்கும் பிறகு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் வண்டியில் தமிழ் ஃபான்ட்டே இல்லை. டேக்கை நோண்டிப் பயனில்லை. தலையில் அடித்துக்கொண்டு ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டியதுதான்.